பி 0443: வால்வை வாங்கும் முன்

செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. இழுவையில் குறையில்லை, மைலேஜிலும் மாற்றமில்லை. பல்லடத்தைச் சுற்றியுள்ள கறிக்கோழிப் பண்ணைகளை மேற்பார்வை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் தன் பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி 0443 என்று வந்தது. "பர்ஜ் வால்வு போயிருச்சுங்க" என்று சொல்லிப் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்தது. பொங்கலூருக்கும் காரணம்பேட்டைக்கும் ஒரு வாரம் போய் வந்த பிறகு மறுபடி அதே விளக்கு, அதே எண். "புது வால்வுமா கெட்டுப்போகுமுங்கண்ணா?" என்று பேக்கரியில் டீக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

புது வால்வு ஒரு வாரத்தில் கெடுவது அபூர்வம். பழைய வால்வாவது கெட்டிருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். வால்வு கெட்டுவிட்டது என்று அந்த எண் சொல்லவேயில்லை. வால்வு சேர்ந்திருக்கும் மின்சுற்றில் எங்கோ கோளாறு என்றுதான் சொன்னது. இந்த வித்தியாசம் தெரியாமல் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் நல்ல வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதுக்குப் பணம் கட்டுகிறார்கள். எனக்கு அது மனதைக் குடைகிற விஷயம், ஏனென்றால் ஒரு மீட்டரும் ஒரு சின்ன பல்பும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய கோளாறு இது.

அந்த வால்வு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வருவோம். டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் நிழலில்லாத பண்ணை வாசலில் நிற்கும் வண்டியில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவியை வெளியே விட்டால் காற்று கெடும் என்பதால், டேங்கிலிருந்து ஒரு குழாய் வழியாக அதைக் கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்கு அனுப்புகிறார்கள். கேனிஸ்டர் என்பது அதன் பெயர். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அந்தக் கரியைப் பக்குவப்படுத்தித் தண்ணீர் வடிகட்டிகளில் போடுகிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த நுண்துளைக் கரிதான் இதுவும். ஆவி அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். கரி நிறைந்துவிடக் கூடாது. ஆகவே இன்ஜின் சூடேறி ஓடும்போது, அது உறிஞ்சும் காற்றோடு இந்த ஆவியையும் இழுத்து எரித்துவிட வேண்டும். எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது என்பதற்காகக் குழாயின் நடுவே வைத்திருக்கும் கதவுதான் பர்ஜ் வால்வு.

அந்தக் கதவைத் திறப்பது ஒரு சோலனாய்டு. பிளாஸ்டிக் கூட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள், அதன் நடுவே ஒரு இரும்புத் துண்டு, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் கதவை மூடி வைத்திருக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி இரும்பை இழுக்கும், கதவு திறக்கும். இதைக் கொங்கு நாட்டில் யாருக்கும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்த நாளிலிருந்து காயில் கட்டுவது இங்கே தெருத்தெருவாகத் தெரிந்த தொழில்.

வால்வுக்கு இரண்டே ஒயர். ஒன்றில் பேட்டரியின் 12 வோல்ட், ஃபியூஸ், ரிலே வழியாகச் சாவி போட்டதும் வந்து நிற்கும். மற்றொன்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும், பட்டறைகளில் ஈ.சி.யூ. என்பார்கள். ஈ.சி.யூ. மின்சாரத்தைக் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது எர்த் பக்கத்தைத்தான் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கிறது, நொடிக்குப் பல தடவை. சேர்ந்திருக்கும் நேரம் கூடினால் கதவு அதிகம் திறக்கும், குறைந்தால் குறைவாகத் திறக்கும். வால்வின் மேல் விரலை வைத்தால் சில நேரம் டிக் டிக் என்று துடிப்பது இதனால்தான்.

ஆக, மின்சாரம் போகும் வழி: பேட்டரி, ஃபியூஸ், ரிலே, அங்கிருந்து ஒயர், வால்வின் கப்ளர், உள்ளே காயில், மறுபடி கப்ளர், இன்னொரு ஒயர், ஈ.சி.யூ. கப்ளர், உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், பிறகு எர்த். இத்தனை இடங்களில் வால்வுக்குச் சொந்தமானது காயில் ஒன்றுதான். பி 0443 இந்தச் சுற்று முழுவதையும் சேர்த்துச் சொல்கிறது.

எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான ஓபிடி இரண்டாம் முறையின் எண் வரிசைதான் இங்கும் புழங்குகிறது. முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜின், கியர் பக்கத்துக் கோளாறு. அடுத்த 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண் என்பதற்கு. அங்கே 1 இருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த எண், வேறு நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து அர்த்தம் சொல்லக் கூடாது. அடுத்த 4, புகை மாசைக் குறைக்கும் துணை ஏற்பாடுகளுக்கு. கடைசி இரண்டு இலக்கம்தான் இடத்தைச் சொல்வது.

இந்த எண்ணின் அக்கம்பக்கத்தவர்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. 0444 என்றால் அதே சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. 0445 என்றால் ஷார்ட். 0458 வோல்டேஜ் தாழ்ந்து நிற்கிறது, 0459 உயர்ந்து நிற்கிறது. இவை எல்லாம் மின்சாரக் கோளாறுகள். 0441-ம் 0496-ம் வேறு சாதி: ஆவி போக வேண்டிய அளவில் போகவில்லை, அல்லது போகக் கூடாதபோது போகிறது. வால்வில் கரித்தூள் சிக்கித் திறந்தபடி நின்றுவிட்டால் வருவது இந்த இரண்டாம் வகை. பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போது காயில் நல்லபடியாக இருக்கும், மின்சுற்றும் நல்லபடியாக இருக்கும், 0443 வராது. இதைத் திருப்பிப் போட்டாலும் சரி: 0443 வந்திருக்கும்போது வால்வை வாயால் ஊதிப் பார்த்து "அடைப்பு இல்லீங்க" என்று சொல்வதில் பயன் இல்லை. கேள்வி மின்சாரத்தைப் பற்றியது, பதில் காற்றைப் பற்றியதாக இருக்கிறது.

தோட்டத்தில் போர் மோட்டார் ஓடவில்லை என்றால் என்ன செய்வோம்? 800 அடியில் கிடக்கும் மோட்டாரை எடுத்த எடுப்பில் யாரும் மேலே தூக்குவதில்லை. கரண்ட் மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பெட்டியில் ஃபியூஸ் இருக்கிறதா, கேபிளில் எங்காவது ஒட்டுப் போட்ட இடம் விட்டுப்போயிற்றா என்று மேலேயே எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வண்டிக்குச் சொல்வோம், ஏனென்றால் தூக்குகிற கூலி நமக்குத் தெரியும். காரில் வால்வு கைக்கு எட்டும் இடத்தில், இரண்டு நிமிடத்தில் கழற்றுகிற மாதிரி இருக்கிறது. அந்த வசதியே மெக்கானிக்குகளைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஈ.சி.யூ.வுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் கிடையாது. தன் காலடியில் வந்து முடியும் அந்த ஒரே ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. எர்த்தைப் பிரித்து வைத்திருக்கும்போது, காயில் வழியாக வந்த 12 வோல்ட் அந்த ஒயரில் முழுதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எர்த்தைச் சேர்க்கும்போது வோல்டேஜ் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழாமல் கரண்ட் எக்கச்சக்கமாகப் பாய்ந்தால் காயில் ஷார்ட், அல்லது அந்த ஒயரில் வேறெங்கிருந்தோ நேரடி 12 வோல்ட் ஏறுகிறது. இதற்கு மேல் அதனால் எதுவும் அறிய முடியாது. ஃபியூஸ் போனாலும், எலி கடித்தாலும், காயில் எரிந்தாலும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இடத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

இனி வேலைக்கு வருவோம். ஸ்கேனர் போட்டதும் எண்ணை அழிக்கக் கூடாது. முதலில் என்னென்ன எண்கள் சேர்ந்து வந்திருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஒரே ஃபியூஸிலிருந்து பர்ஜ் வால்வு, கேம்ஷாஃப்டைத் திருப்பும் ஆயில் வால்வு, சைலன்சர் பக்கத்து ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் என்று பலவற்றுக்கும் மின்சாரம் போகும்படி பல வண்டிகளில் அமைத்திருப்பார்கள். மூன்றுக்கும் சேர்ந்து எண் வந்தால் மூன்றும் ஒரே நாளில் கெடவில்லை. ஃபியூஸையோ ரிலேயையோ பாருங்கள். ஒரு ஃபியூஸில் முடிய வேண்டிய வேலையை, எண்ணுக்கு ஒரு பாகம் என்று பட்டியல் போட்டு நீட்டிவிடுவதும் நடக்கிறது.

கோளாறு பதிவான நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் ஈ.சி.யூ. சேர்த்து வைத்திருக்கும்: இன்ஜின் சூடு, வேகம், சுற்று. ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருக்கும். ஸ்டார்ட் செய்ததுமே வந்திருந்தால் முழுக்க அறுந்த ஒயர் என்று நினைக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில், சூடேறிய பிறகு வந்திருந்தால் அதிர்விலோ வெப்பத்திலோ விட்டுவிட்டுப் போகும் தொடர்பு. பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழக்கத்தில் இந்தத் தடயம் எல்லாம் போய்விடுகிறது.

அடுத்து கண். வால்வு பெரும்பாலும் இன்ஜின் மேல், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு ரப்பர் குழாயும் இரண்டு பின் கப்ளரும்தான் அடையாளம். கப்ளரைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். பின் வளைந்திருக்கிறதா, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா. அங்கிருந்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போகலாம். பேட்டரி தட்டுக்குக் கீழே, ஃபயர்வால் ஓரம், கிளிப் உடைந்து ஒயர் தொங்கும் இடம் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்.

பிறகு காயில். கப்ளர் கழன்றிருக்கும்போதே மீட்டரை ஓமில் வைத்து வால்வின் இரண்டு பின்னிலும் தொடுங்கள். பர்ஜ் வால்வுகள் பலவும் 20 முதல் 35 ஓம் வரை காட்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எல்லை இல்லாமல் போனால் காயில் அறுந்தது, ஒன்றிரண்டு ஓமுக்கு இறங்கினால் உள்ளே ஷார்ட். இந்த இரண்டில் ஒன்று வந்தால் தாராளமாகப் புது வால்வு வாங்குங்கள். 26 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பாயும். செம்பு சூடானால் தடை கூடும்: 20 டிகிரியில் 26 ஓம் காட்டும் காயில் 90 டிகிரியில் 33 ஓம் பக்கம் காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து சூட்டில் மட்டும் அறுந்துபோகும் காயிலும் உண்டு. அதனால் ஒரு முறை வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதும் அளந்துவிடுவது நல்லது.

அடுத்த சோதனையில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். வருகிறது. "கரண்ட் வருதுங்க, வால்வுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தத் தம்பியின் காரிலும் மீட்டர் 12.4 காட்டியது. ஆனால் அந்த ஒயர் சரியாக இல்லை.

காரணம் இது. டிஜிட்டல் மீட்டர் வோல்டேஜ் பார்க்கும்போது ஏறக்குறைய ஒரு கோடி ஓம் தடையாக நிற்கிறது. கரண்ட் என்று சொல்லும்படி எதையும் அது இழுப்பதில்லை. ஒயரில் இருபது இழை இருந்த இடத்தில் ஒரே இழை, அதுவும் களிம்பேறிய இழை, மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு 12 வோல்ட் அப்படியே தெரியும். கணக்குப் போட்டே பார்க்கலாம். கெட்ட இணைப்பு ஒன்று 20 ஓம் தடையாக நிற்கிறது என்று வையுங்கள். மீட்டரின் ஒரு கோடி ஓமுக்கு முன் 20 ஓம் ஒன்றுமே இல்லை. வால்வின் 26 ஓமுக்கு முன் அது பெரிய சுவர்: 12 வோல்ட்டில் ஏழுக்கும் குறைவாகத்தான் வால்வுக்குக் கிடைக்கும், மீதி அந்த இணைப்பிலேயே கரைந்துபோகும்.

ஆகவே ஒயருக்கு வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குத்தான் பல்பு. பார்க்கிங் லைட்டில் போடும் 5 வாட் பல்புக்கு இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர், வால்வு இழுப்பதற்கு மிக நெருங்கிய அளவு. சாவியைப் போட்டு, கப்ளரின் 12 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பல்பைக் கொடுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் இந்தப் பின்னில் மின்சாரம் வரும், அதை மனதில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் அந்தப் பக்கம் நலம். மங்கலாக எரிந்தால், அல்லது ஒயரை அங்கங்கே அசைக்கும்போது மினுக்கினால், கோளாறு கையில் சிக்கிவிட்டது. பல்பு எரியும்போதே மீட்டரை பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே வைத்தால் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று தெரியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸிலிருந்து வால்வு வரை ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர வேண்டும்.

தம்பியின் காரில் பேட்டரி தட்டுக்குப் பின்னால் ஒயரை அசைத்தபோது பல்பு செத்துச் செத்து எரிந்தது. கருப்பு உறையை விலக்கினால், மூன்று ஒயர்களில் எலியின் பல் பட்டிருந்தது. இரண்டில் மேல்தோல் மட்டும். வால்வுக்குப் போகும் ஒயரில் இழைகள் பெரும்பாலும் அறுந்து, மிஞ்சியவை பச்சை பூத்து ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. பட்டறையில் வால்வை மாற்றக் கப்ளரை இழுத்துத் தள்ளியபோது அந்த இழைகள் தற்செயலாகச் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் ஒரு வாரம் விளக்கு எரியவில்லை. பாகத்தை மாற்றிய பிறகு கோளாறு சில நாள் ஒளிந்துகொள்வது இந்த வகையில் மிகச் சாதாரணம், அதனால்தான் மாற்றியவருக்கும் தான் செய்தது சரி என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

12 வோல்ட் பக்கம் நலமாக இருந்தால் ஈ.சி.யூ. பக்கம் பார்க்க வேண்டும். இங்கே பெரிய பல்பு கூடாது. இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும்; உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்தச் சுமைக்கு ஆனதில்லை. எல்.இ.டி. டெஸ்ட் லேம்பை கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே வைத்து, ஸ்கேனரில் வால்வை இயக்கும் சோதனை இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் இன்ஜினைச் சூடேறும் வரை ஓடவிடுங்கள். லேம்ப் துடித்தால் ஈ.சி.யூ. கட்டளை கப்ளர் வரை வருகிறது. துடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, ஈ.சி.யூ. கப்ளரையும் கழற்றி, அந்த ஒரு ஒயர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒழுங்காக இருக்கிறதா, பாடியையோ பக்கத்து ஒயரையோ தொடுகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் நலம் என்றான பிறகுதான் ஈ.சி.யூ.வின் மேல் பழி போடலாம். அங்கே போய்ச் சேரும் வண்டிகள் மிகக் குறைவு.

செய்யக் கூடாதவை சில உண்டு. வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க, கப்ளர் மாட்டியிருக்கும்போதே ஈ.சி.யூ. ஒயரில் பேட்டரி 12 வோல்ட்டை நேராகத் தொடக் கூடாது. அந்த நொடியில் ஈ.சி.யூ. எர்த்தைச் சேர்த்தால் பேட்டரி முழுவதும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர் வழியாகப் பாயும். மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணிக்கக் கூடாது; பின் விரிந்து, நேற்றுவரை நன்றாக இருந்த இணைப்பு இன்று லூஸ் ஆகும். ஊசியால் ஒயரைக் குத்தி வோல்டேஜ் பார்ப்பதும் வேண்டாம். அந்தத் துளை வழியாக ஈரம் உள்ளே போய், அடுத்த ஐப்பசி மழைக்குள் செம்பு பச்சையாகிவிடும்.

பல்லடத்து வண்டிகளுக்கு இந்தக் கோளாறு ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு எனக்கு ஒரு கருத்து உண்டு. தமிழ்நாட்டுக் கறிக்கோழியின் பண்ணை விலையை அறிவிக்கும் குழுவே இயங்கும் ஊர் இது. சுற்றிலும் கோழிக் கொட்டகைகள், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவன மூட்டைகள். தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஓடி நின்ற வண்டியின் இன்ஜின் அறை ராத்திரியில் கதகதப்பான கூடு. எலியின் முன்பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்தே ஆக வேண்டும், ஒயர் அதன் வாய்க்குச் சரியான தடிமன். நம் பக்கத்தில் நான் முதலில் சந்தேகிப்பது எலியைத்தான். அடுத்து, இன்ஜினைப் பிரஷர் வாஷ் அடிப்பது. உப்புப் போர் தண்ணீர் கப்ளருக்குள் புகுந்து காய்ந்தால் அங்கே உப்பு தங்கிவிடும்.

மூன்றாவது, கொட்டகை வாசலில் நிற்கும்போதே மூக்கில் ஏறுகிறதே, அந்த அம்மோனியா. கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் இந்த வாயு ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை அரிக்கும், பித்தளையை வெடிக்கவே வைக்கும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ஆங்கிலேயர் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் வெடிப்பு. வெகுகாலம் காரணம் புரியவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-ல்தான் விளக்கினார்கள். கொட்டகையின் மின்விசிறி இணைப்புகளும் சுவிட்சுகளும் சீக்கிரம் பச்சையாவதைப் பண்ணைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். மேற்பார்வையாளரின் கார் அங்கே நாளெல்லாம் நிற்பதில்லை, அதனால் அதற்கு இது மூன்றாவது காரணம்தான். ராத்திரி முழுக்கக் கோழி ஏற்றிக்கொண்டு போகும் பிக்கப் வண்டிகளில் இதை முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். சீல் போன கப்ளரைப் பார்த்ததும் மாற்றிவிடுவது அங்கே வீண் செலவாகாது.

எலி கடித்த ஒயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிவிடுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். களிம்பேறிய பகுதியைப் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமன் ஒயரை இடையில் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்க வேண்டும். மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒட்டினால் உறைக்குள் முண்டு விழாது, ஒன்றை ஒன்று உரசாது. பிறகு புது உறை, புது கிளிப், அதிர்ந்து ஆடாதபடி.

வேலை முடிந்ததும் எண்ணை அழியுங்கள், ஓட்டுங்கள். சாவி போட்டதும் விளக்கு வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் சில வண்டிகள் தொடர்ந்து இரண்டு ஓட்டத்தில் கோளாறைப் பார்த்த பிறகே விளக்கை ஏற்றும். இரண்டு மூன்று நாள் குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து சூடேறும் வரை ஓட்டி, ஸ்கேனரில் பெண்டிங் என்ற பட்டியலையும் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தால் சரி. எண்ணை அழிக்காமல் விட்டாலும், கோளாறு இல்லாத மூன்று ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானாக அணையும்; நினைவிலிருந்து எண் மறைய நாற்பது முறை வண்டி சூடேறி இறங்க வேண்டும்.

பட்டறையில் விடுவதாக இருந்தால் மெக்கானிக்கிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: காயில் எத்தனை ஓம், பல்பு சுமையோடு கப்ளரில் எத்தனை வோல்ட், ஈ.சி.யூ. கட்டளை துடிக்கிறதா. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதற்குக் கோபப்பட மாட்டார். கேட்பதற்கு ஆள் கிடைத்ததே என்று காட்டிக்கூடக் கொடுப்பார்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காமன் ரெயில் பம்பின் அளவு வால்வுக்கு 0001 முதல் 0004 வரையும், டர்போவின் சோலனாய்டுக்கு 0243, 0245, 0246 என்றும் எண் வரும். சோதிக்கும் முறை இதேதான், ஆனால் காயிலின் ஓம் கணக்கு முற்றிலும் வேறு. பம்பு வால்வு ஒற்றை இலக்க ஓமில் இருக்கும், கரண்டும் கூடுதலாக இழுக்கும், ஆகவே பல்பின் வாட்டும் அதற்கேற்ப மாற வேண்டும். இன்ஜின் ஓடும்போது அந்த ரெயிலுக்குள் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல்கூட ஏறும், அது தோலைத் துளைத்து உள்ளே போகும். அதனால் அங்கே கை கப்ளரையும் ஒயரையும் தாண்டி எந்தக் குழாய் நட்டுக்கும் போகக் கூடாது.